கதவில் பேப்பர் இல்லை

காரின் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன. நான்கு கதவுகளும் பூட்டித்தான் இருந்தன. கூரையில் துளி ஓட்டை கிடையாது; சீட்டில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்து நானே பார்த்துவிட்டேன். ஆனாலும் மழை பெய்த மறுநாள் காலையில் இடது பக்க முன்சீட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றது. கால்மிதியைத் தூக்கிப் பிழிந்தால் ஒரு சொம்பு நிறையும். அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. விளங்காத விஷயம் எதுவானாலும் எனக்கு முதலில் வருவது கோபம். புத்தி பின்னால் வேறு பஸ் பிடித்து மெதுவாக வந்து சேரும்.

அது அண்ணன் கொடுத்த கார். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் தேர்வு சம்பந்தமான ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் நின்றபடியே போய்வந்து கால் வீங்கிக்கிடந்ததை அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டான். சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். அவன் புது கார் வாங்கியபோது பழையதை விற்கவில்லை. "நீ ஓட்டிக்கடி. நின்னு நின்னு கால் தூணாட்டம் ஆயிடுச்சி பாரு" என்று சாவியை என் கையில் வைத்து மூடிவிட்டான். அவ்வளவுதான் பேச்சு.

அண்ணனும் என் கணவரும் படிக்கிற காலத்தில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். எங்கள் கல்யாணமே அந்த அறையிலிருந்து முளைத்ததுதான். அதற்கு முன்பே ஒருவரையொருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு அது உண்மையாகவே ஆகிவிட்டது. வாடா, போடா, தின்னியாடா என்பதுதான் அவர்களுக்குள் புழக்கம். மாப்பிள்ளையைப் போய் 'டா' போடுகிறானே என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. எந்த வீட்டில் மைத்துனனும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிடுகிறார்கள்?

தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது ஐப்பசியில். கார்த்திகைக் கடைசியில் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள், எனக்கோ இருப்பது ஒரே அண்ணன். என் மகளுக்கு அவன் தோடு எடுத்துவிட்டான். என் கணவருக்கு வேட்டி எடுக்கலாமா பேன்ட் துணி எடுக்கலாமா என்று என்னிடம் இரண்டு தடவை போனில் கேட்டும்விட்டான்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் வாயைத் திறந்தார். ஈரக் கால்மிதியை மோந்து பார்த்துவிட்டு, "இது வெள்ளத்துல முழுகுன வண்டியா இருக்குமோ?" என்றார்.

கடலூரில் ஒரு காரைப் பற்றி இதைவிடக் கெட்ட வார்த்தை சொல்ல முடியாது. மழை வலுத்தால் இங்கே சில தெருக்களில் கார் மிதக்கும். அப்படி முழுகிய வண்டிகளைக் கழுவித் துடைத்து, வாசனைத் தண்ணீர் அடித்து வெளியூர்க்காரர்களிடம் தள்ளிவிடுவார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை கதை உண்டு. அண்ணனும் இந்தக் காரை ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியவன்தான். எந்த வருஷ மழையில் அது எங்கே நின்றதோ, யார் கண்டது என்றார் இவர்.

"தானமா வந்த மாட்ட பல்லப் புடிச்சிப் பாக்கறீங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனால் சொன்ன வார்த்தை அவருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

அண்ணனைச் சந்தேகிக்கிறாரே என்கிற ரோஷத்தில் நானே துப்பறியக் கிளம்பினேன். மழை விட்டதும் குனிந்து பார்த்தேன். இடது கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓகோ, திருடன் இந்த வழியாகத்தான் வருகிறானா என்று, வீட்டுக் குழாய்க் கசிவுக்கு வைத்திருந்த பசையை எடுத்துப் பிசைந்து எல்லா ஓட்டைகளையும் அடைத்தேன். அன்று என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது கதவுக்குள் 'களக்' என்றது. அடுத்த வளைவில் மறுபடியும் 'களக்'. இடுப்பில் நிறைகுடத்தோடு நடப்பதுபோல இருந்தது. அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது இடது சீட்டுக்கு அடியில் வழக்கத்தைவிட ஜாஸ்தியாகத் தண்ணீர். ஓட்டையை அடைத்தால் ஒழுகல் குறையத்தானே வேண்டும், எப்படி அதிகமாகும்? நாள் முழுக்க இதே நினைப்பு. வேலையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரம் பைபாஸ் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தார். என் வயதுதான் இருக்கும். வேலையைவிடப் பேச்சு அதிகம். "பீடிங் போயிடுச்சி மேடம்" என்று கண்ணாடியை ஒட்டியிருந்த ரப்பரை மாற்றினார். ஒரு வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றிக்காட்டி, "சொட்டு வருதா பாருங்க" என்றார். வரவில்லை. அடுத்த மழையில் வந்தது. மறுபடியும் போனபோது, "இது எப்பிடி மேடம் வருது?" என்று அவர் என்னையே கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தானே உங்களிடம் வந்தேன் என்று சொல்லிவிட்டு, காரை அவரிடமே விட்டேன். எங்கள் அலுவலகத்தில் வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கூப்பிடட்டும் என்று கணவரின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனேன். வந்த வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சாயங்காலம் போனைக் கையில் வாங்கினால் வரிசையாகத் தவறிய அழைப்புகள். கணவர், அண்ணன், அண்ணி, மறுபடியும் கணவர். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கணவரைக் கூப்பிட்டேன்.

"உங்கண்ணன் குடுத்த வண்டிக்கு பேப்பரே இல்லயாம்" என்றார் எடுத்ததும்.

"என்னா பேப்பரு?"

"ஒரிஜினல் பேப்பர் இல்லயாம். இருந்தத எவனோ கிழிச்சிட்டானாம். டூப்ளிகேட் பேப்பர் போட்டுத் தரட்டுமா சார்னு கேக்கறான் மெக்கானிக்கு. யாருகிட்ட? கவர்மெண்ட் ஆபீஸ்ல ஒக்காந்திருக்கற எங்கிட்ட!"

"கதவு ஒழுவறதப் பாக்கச் சொன்னா அவுரு எதுக்குங்க ஆர்.சி. புக்க பாக்கறாரு?"

"அதான் எனக்கும் புரியல. அதான் உங்கண்ணன்கிட்டயே கேட்டுட்டேன்."

"என்னான்னு கேட்டீங்க?"

 பின்னால் யாரோ ஃபைல் கேட்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "முழுகுன வண்டிய பேப்பர்கூட இல்லாம தங்கச்சி தலையில கட்டிட்டியாடான்னு கேட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். கூடவே பயமும் வந்தது. ஒருவேளை உண்மையாகவே பேப்பர் இல்லையென்றால்? கார் இன்னமும் அண்ணன் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கப் பெட்டியில் கிடந்த கவரை நாங்கள் யாரும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் ஆட்டோவில் ஏறினேன்.

பட்டறையில் கார் இடது கதவைத் திறந்துகொண்டு நின்றது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். நான் யாரிடமும் பேசாமல் நேராகப் போய் முன்பக்கப் பெட்டியைத் திறந்து கவரைப் பிரித்தேன். ஆர்.சி. இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. எல்லாம் அசல். அண்ணன் அவனுக்கே உரிய ஒழுங்கோடு அடுக்கி வைத்திருந்தான்.

"அத எதுக்கு மேடம் எடுக்கறீங்க?" என்றார் மெக்கானிக்.

"பேப்பர் இல்லன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னீங்களாமே?"

"ஐய, அந்தப் பேப்பர் இல்ல மேடம். இந்தப் பேப்பரு." காலடியில் கிடந்த கிழிந்த பிளாஸ்டிக் துண்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். கசங்கி, ஓரமெல்லாம் கறுப்புப் பசை ஒட்டியிருந்தது. "கதவுக்குள்ள ஒட்டியிருக்குற பேப்பரு. கம்பெனி பேப்பர் இப்ப கெடைக்காது. நாம்பளே வெட்டி டூப்ளிகேட் போட்டுக்கலாம்னு சொன்னேன். சார் என்னமோ கத்திட்டு போன வெச்சிட்டாரு."

எங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் எல்லாமே பேப்பர்தான். மழை வந்தால் துணிமேல் பேப்பரைப் போடு என்போம். நெல் மூட்டையைப் பேப்பர் போட்டு மூடு என்போம். என் கணவரும் நேற்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வண்டி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அதிலும் ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்ததும் அதே பேப்பர் அவருக்கு ஆர்.சி. புத்தகமாகிவிட்டது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு மெக்கானிக் சொன்னது என்னை இன்னும் குழப்பியது. மழை பெய்தால் கண்ணாடியில் வழிகிற தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யுமாம், எல்லாக் கார்களிலும் அப்படித்தானாம். இறங்கிய தண்ணீர் அடியிலுள்ள ஓட்டை வழியாகத் தெருவுக்குப் போய்விடும். கதவுக்கும் நமக்கும் நடுவில் அந்தப் பேப்பர் இருந்தால் நம் பக்கம் வராது. இத்தனை வயதுவரை கதவு என்றால் தண்ணீரை வெளியே நிறுத்துவது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அந்த ஓட்டைங்கள எவனோ பசை வெச்சி அடச்சி வெச்சிருக்கான் மேடம்" என்றார். ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். கதவுக்குள் இருந்த தண்ணீர் மொத்தமும் அவர் செருப்பில் கொட்டியது. எவன் என்று நான் சொல்லவில்லை.

"பேப்பர யாரு கிழிச்சிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஸ்பீக்கர் மாட்டுனவந்தான். இந்தாண்ட புதுசா ஒயர் இழுத்திருக்கு பாருங்க. கிழிச்சிட்டு அப்பிடியே மூடிட்டுப் போயிருக்கான்."

காரை எனக்குக் கொடுப்பதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் ஸ்பீக்கர் மாற்றினான். 'ஒண்டியா ஓட்டிக்கிட்டுப் போற, பாட்டாச்சும் நல்லா கேக்கட்டும்' என்று சொன்னான்.  அங்கேயே நின்று அவனைக் கூப்பிட்டு, பேப்பர் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். ஸ்பீக்கர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவனும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாக. "செரி வுடு. பேப்பர் இல்லன்னு நெனச்சது தப்பில்ல. முழுகுன வண்டின்னு எப்பிடி வாயில வந்துச்சி?" என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல், கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரைப் பற்றிக் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உடனே அண்ணனைக் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அதன்பிறகு எடுத்து, கடையில் கூட்டம் என்றான். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அவன் சொன்னான் என்றார் இவர். அந்த அப்புறம் வரவே இல்லை.

தாய்மாமனைத் தட்டு வைத்துத்தான் அழைக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரிலேயே சிதம்பரம் கிளம்பினோம். மெக்கானிக் புதுப் பேப்பரை வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தார். நான் ஓட்ட, மடியில் தட்டோடு இவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்தது. வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் இவர் கால்களை மெல்ல மேலே தூக்கிக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். பிறகு தாங்காமல், "ஒழுவுது" என்றார்.

"முழுகுன வண்டின்னு இன்னொருக்க சொன்னீங்கன்னா இங்கியே எறக்கி வுட்டுருவேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலியேடி" என்றார் பாவமாக. பேப்பர் போட்ட பிறகும் எப்படி வருகிறது? எனக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒருவேளை இவர் சொன்னதே சரியோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அண்ணனை அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

அண்ணன் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் கடையில் சரக்கு இறங்குகிறதாம். அண்ணிதான் தட்டை வாங்கிக்கொண்டாள், காபி கொடுத்தாள். இவருடைய நனைந்த பேன்ட்டைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. "அவுங்ககிட்ட சொல்றேன்" என்றாள். வருவோம் என்று சொல்லவில்லை. தட்டு வைத்து அழைத்தவர்களிடம் 'வரோம்' என்று சொல்லித்தானே அனுப்புவார்கள்? அவள் மறந்துவிட்டாளா, சொல்லாதே என்று அண்ணன் சொல்லியிருந்தானா? கடலூர் திரும்பும்வரை இருவரும் இதையேதான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம். கடைக்கே போய்ப் பார்த்திருக்கலாம் என்று மஞ்சக்குப்பம் மைதானம் வந்தபிறகுதான் இவருக்குத் தோன்றியது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய்ச் சண்டைதான் போட்டேன். அவர் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, தான் ஒட்டிய பேப்பரைப் பெருமையாகக் காட்டினார். ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இதும் மேல வழியற தண்ணி கடைசியில எங்கங்க போவும்?" என்றேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"கீழ போவும்."

"கீழன்னா? கதவுக்குள்ளயா, எங்க வீட்டுக்காரரு கால்லயா?"

அவர் வாயை மூடியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றினார். இருவரும் குனிந்து பார்த்தோம். பேப்பரின் அடி விளிம்பு கதவுத் தகட்டின் நம் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வழிந்த தண்ணீர் நேராக உள்ளேதான் சொட்டியது. "அட, ஆமா மேடம்" என்று தலையைச் சொறிந்தார். அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நீளமாக இன்னொன்று வெட்டினார். சுற்றிலும் பசை வைத்து அழுத்தி, அடி விளிம்பைத் தகட்டின் இடுக்கு வழியாகக் கதவின் வயிற்றுக்குள் செருகிவிட்டார். அதன்பிறகு எத்தனையோ மழை பெய்தது. உள்ளே சொட்டுக்கூட வரவில்லை. கார் எந்த வெள்ளத்திலும் முழுகியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

காதுகுத்து அன்று குலதெய்வக் கோயிலில் எல்லோரும் வந்துவிட்டார்கள், அண்ணனைத் தவிர. காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமன் எங்கே, மாமன் எங்கே என்று ஆளாளுக்கு என்னிடமே வந்து கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறான் என்று சிரித்தபடி சொன்னேன்.  என் கணவர் ரோட்டோரம் போய் நின்றவர் அங்கிருந்து நகரவே இல்லை.

வந்துவிட்டான். சீர்வரிசைத் தட்டுகளோடு அண்ணி முன்னே வர, வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். உட்கார்ந்து என் மகளை மடியில் வாங்கி, அவள் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டான். ஊசி இறங்கியதும் அவள் வீரிட்டாள். அவன் கண்ணும் கலங்கியது. எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. அவன் எடுத்த வேட்டியை இவரும் அங்கேயே கட்டிக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அழுதபடியே சிரித்தேன்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் வேன் ஏறிவிட்டார்கள். அண்ணி என் மகளைக் கூட்டிக்கொண்டு பலூன்காரனிடம் போயிருந்தாள். தூறல் போட ஆரம்பித்தது. காருக்குப் பக்கத்தில் இவர் தயங்கித் தயங்கி, "மச்சான், அன்னிக்கி போன்ல நான்..." என்று ஆரம்பித்தார்.

"அட, அத வுடுங்க" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டே இடது கதவை அவனே திறந்து பிடித்தான். "மழ வருது பாருங்க, ஏறுங்க."

மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். வழியெல்லாம் மழை அடித்துப் பெய்தது. இவர் கால்மிதியில் ஈரமே இல்லை. கடலூர் எல்லை வந்ததும் கேட்டார்.

"அவன் என்னய 'ஏறுங்க'ன்னான். கவனிச்சியா?"

"நாலு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்கல்ல, மரியாதைக்கி சொல்லியிருப்பான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் நின்றிருந்தோம்.